திருப்பி மணி அடிக்காத மெஷின்

ஒரு மணி என்றால் நிறுத்து

டாமினிக் அண்ணன் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு இருபது நிமிஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிலில் மெஷின் கெட்டுப்போய் நிற்பது குறைவு. மெஷின் நன்றாக இருக்க, அதன் எதிரே ஆள் மிரண்டு நிற்பதுதான் அதிகம். லினக்ஸ் போட்டுவிட்டு முழிக்கும் என் இனத்து ஜனங்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திரையில், லினக்ஸில் ப்ரோக்ராம் எழுத உதவும் விஐ எடிட்டர் திறந்திருந்தது. இடது ஓரத்தில் வரிசையாக அலைக்கோடுகள், வேறொன்றும் இல்லை. "என்னண்ணா ஆச்சு? ஹேங் ஆயிடிச்சா?" என்றேன். "தெரியல. நீ சொன்ன மாதிரி எஸ்கேப் கீ அமுக்கினேன். டொய்ங்னு ஒரு மணி அடிச்சிது. கைய எடுத்துட்டேன்" என்றார். விஐயைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத் தெரியும், தேவையில்லாத இடத்தில் எஸ்கேப்பை அமுக்கினால் அது ஒரு பீப் விடும். அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் டாமினிக் அண்ணன் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைனில், கேஜுக்கு மணி அடிக்கிற ஆள். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் இறங்கி ஏறும் கூண்டுதான் கேஜ். அங்கே ஒரு மணி என்றால் உடனே நிறுத்து என்று அர்த்தம்.

"பீப்தாண்ணா, சும்மா அடிங்க" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஒரு மணி அடிச்சா நிறுத்தணும் தம்பி. யாரு அடிச்சான், இன்னாத்துக்கு அடிச்சான்னு தெரியாம கைய வெச்சா நான் மனுசனே இல்ல" என்றார்.

நாலாம் நம்பர்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பாபு. பி.யூ.சி. இரண்டாம் வருஷத்தைப் பாதியில் விட்டவன். காரணம் கேட்காதீர்கள், போரடித்தது. ஆண்டர்சன்பேட்டையில் முரளி சார் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் எடுபிடி, வாத்தியார், மெக்கானிக் மூன்றும் நானே. அது முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தது. இப்போதும் பாதி ஹாலில் டைப்ரைட்டர்கள் தடதடக்கும், மீதிப் பாதியில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை வைத்து நாலாம் நம்பர் சிஸ்டத்தில் விண்டோஸுக்குப் பதில் நான் லினக்ஸ் ஏற்றிவிட்டேன். முதல் தடவை பூட் ஆனபோது வெள்ளை எழுத்து சரசரவென்று மேலே ஓடியது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பி.யூ.சி.யில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தும் இந்த மாதிரி ஒரு நிமிஷம் வந்ததில்லை.

டாமினிக் அண்ணனுக்கு என் மாதிரி விளையாட்டு இல்லை. வயசு இருபத்தெட்டு, பி.எஸ்ஸி. கணக்கு. அப்பா மைனில் செத்ததால் நந்திதுர்க் ஷாஃப்டில் வேலை இவருக்குக் கொடுத்தார்கள். இப்போது மைனையே மூடப்போகிறார்கள். எப்போது என்பதுதான் தெரியவில்லை, மூடுவது நிச்சயம். பெங்களூரில் ஒரு கம்பெனி புது ஆட்களுக்கு டெஸ்ட் வைக்கிறது. லினக்ஸ் மெஷினில் உட்கார்ந்து சி மொழியில் ப்ரோக்ராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆறு வாரம் இருக்கிறது. இதை விட்டால் அடுத்த வருஷம் இந்த வயசுக்காரரைப் புது ஆள் என்று எவனும் கூப்பிட மாட்டான். வீட்டில் அம்மா, இவர், ரெண்டே பேர். காலை ஷிஃப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் சென்டருக்கு வந்துவிடுவார்.

இதையெல்லாம் நான் முரளி சாரிடம் மூச்சுவிடாமல் சொல்லி, நாலாம் நம்பரை ஆறு வாரத்துக்கு விண்டோஸ் பக்கம் திருப்பாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "நாலாம் நம்பர் உனக்கு. மீதி அஞ்சுலயும் கைய வெச்சேன்னு தெரிஞ்சிது, கைய ஒடச்சிடுவேன்."

பாரம் ஏற்றிப் பார்த்த கதை

எந்த எடிட்டரில் பழகுவது? இதில்தான் எங்களுக்குள் குடுமிப்பிடி. டாமினிக் அண்ணனோடு படித்தவர் சேகர். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவர்; பேச்சில் பாதி கன்னடம். அந்த டெஸ்ட் பற்றிச் சொன்னதும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு வந்து, "விஐ எல்லாம் தாத்தா காலத்து சாமான் குரு. ஈமாக்ஸ் போடு. சக்கத்தா இருக்கும். அதுக்குள்ளயே எழுதலாம், அதுக்குள்ளயே கம்பைல் பண்ணலாம், மெயில் கூடப் பாக்கலாம்" என்றார். போட்டேன். பதினாறே எம்.பி. ராம், அதாவது மெமரி, உள்ள மெஷின். ஈமாக்ஸ் திறப்பதற்குள் டாமினிக் அண்ணன் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். "எங்க சாமானுக்கு அரை செகண்ட்" என்றேன். "உங்க சாமான்ல ஒரு வரி எழுதறதுக்குள்ள அரை ஆயுசு" என்றார் சேகர். குரல் ஏற ஏற, டைப்ரைட்டிங் பக்கம் தடதடப்பு நின்றேவிட்டது. எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாமினிக் அண்ணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். விஐயில் நாற்பது வரி போல அடித்தார். சேவ் பண்ணவில்லை. எழுந்து போய் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை டப்பென்று அணைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ அண்ணா!" என்று கத்தினேன். "ஷாஃப்ட்ல புதுக் கயிறு மாத்தினா, பாரத்த ஏத்திப் பாத்துட்டுதான் ஆள ஏத்துவோம். இங்க தெனம் ரெண்டு தடவ கரண்ட் போவுது. டெஸ்ட் நடக்கும்போதும் போவும்" என்றார். மறுபடி சுவிட்சைப் போட்டோம். டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று லினக்ஸ் ஏழெட்டு நிமிஷம் முனகியது. அந்த ஏழெட்டு நிமிஷமும் நான் நகத்தைக் கடித்தேன். பிறகு, சேவ் பண்ணாததை மீட்டெடுக்கும் vi -r கட்டளையை அடித்தேன். வந்தது பாருங்கள்! கடைசி ரெண்டு வரி தவிர மொத்தமும் வந்தது. நான் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தேன்.

ஈமாக்ஸும் அதே மாதிரி தானாகக் காப்பாற்றி வைக்கும் என்று அடுத்த வாரம் படித்துத் தெரிந்துகொண்டேன். சேகரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு டாமினிக் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "அறுந்தாலும் தாங்குற கயிறு எதுன்னு தெரிஞ்சிடிச்சி. இனிமே சண்ட போடாதீங்கபா."

பதில் வராத ஊர்

விஐ கைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாக அடித்தார். அடுத்த தலைவலி வேறு இடத்தில் கிளம்பியது. ஒரு ஃபைலை இன்னொரு பெயரில் நகல் எடுக்க cp என்று ஒரு கட்டளை உண்டு. டாமினிக் அண்ணன் அதை அடித்து எண்டர் தட்டுவார். லினக்ஸ் ஒன்றும் சொல்லாது, அடுத்த வரிக்கு வந்து சும்மா நிற்கும். மறுபடி அதையே அடிப்பார். மறுபடி சும்மா நிற்கும். மூன்றாவது தடவை அடிப்பார். நகல் எடுப்பதில் மூன்று தடவை அடித்தாலும் நஷ்டமில்லை என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. ஃபைலின் பெயரையே மாற்றும் mv கட்டளைக்கு வந்தபோதுதான் வம்பு. முதல் தடவை அடித்ததுமே பெயர் மாறிவிட்டது. இரண்டாவது தடவை அடித்தால், அந்தப் பெயரில் ஃபைலே இல்லை என்று மெஷின் சொல்கிறது. இவர் வெளிறிப்போய் எழுந்துவிட்டார். அத்தனை நாள் எழுதின ப்ரோக்ராம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் போகலண்ணா. மொத தடவையே ஆயிடிச்சி. லினக்ஸ்ல வேலை நல்லபடியா முடிஞ்சா பேசாது. தப்பானாத்தான் பேசும்" என்றேன். எவ்வளவு அழகான விஷயம்! வளவளவென்று 'ஓகே, ஓகே' என்று ஜன்னல் திறந்து நிற்காத ஒரே சிஸ்டம். நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன், அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஷாஃப்டில் எப்படி என்று அப்புறம் விளக்கினார். கீழே ஒரு லெவலில், அதாவது சுரங்கத்தின் ஒரு தளத்தில் இருந்து இவர் மூன்று மணி அடித்தால், மேலே கேஜ் என்ஜின் ஓட்டும் டிரைவர் அதே மூன்று மணியைத் திருப்பி அடிக்க வேண்டும். அது வரும்வரை கேஜ் ஒரு அங்குலம் நகரக் கூடாது. பத்து பேர் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றாலும் சரி, கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி.

"அங்க பதில் வரலன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? ஒண்ணு, கம்பி அறுந்திருக்கணும். இல்ல, மேல ஆள் செத்திருக்கணும்" என்றார்.

இரண்டு நாள் ரப்பர்

என் பெருமை நாலே நாளில் மண்ணைக் கவ்வியது. இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். டெஸ்டுக்குத் தயாராகிறோம் என்று டாமினிக் அண்ணன் ஒரு ப்ரோக்ராமுக்கு test என்றே பெயர் வைத்தார். பகா எண்களை வரிசையாகத் திரையில் போடுகிற ப்ரோக்ராம். கம்பைல் செய்தார், அதாவது மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றினார்; ஒரு பிழையும் இல்லை. test என்று அடித்து ஓட்டினார். ஒன்றும் வரவில்லை. "பாத்தீங்களா, பேசாம இருந்தா நல்லபடியா முடிஞ்சிதுன்னு அர்த்தம்" என்றேன் நான், திரையைப் பார்க்காமலே. "முடிஞ்சிது சரி, நம்பர் எங்க?" என்றார்.

இரண்டு நாள். முழுசாக இரண்டு நாள். கம்பைலரைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். எடிட்டர்தான் எதையோ கெடுக்கிறது என்று பிக்கோ என்ற வேறு எடிட்டரில் திறந்து மறுபடி அடிக்கச் சொன்னேன். சிடியில் கீறல் என்றேன். கேஸைத் திறந்து ராம் கார்டைப் பிடுங்கி, அதன் காலைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தேன். அந்த ப்ரோக்ராமில் ஒரு தப்பும் இல்லை. கடைசியில் சலித்துப்போய் ஃபைலின் பெயரை மாற்றி ஓட்டினேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று என்று எண்கள் கொட்டின! விஷயம் என்னவென்றால், test என்ற பெயரில் லினக்ஸிலேயே ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது. நாங்கள் அடித்தபோதெல்லாம் ஓடியது அதுதான். அது யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் வந்து போகிற ஜாதி. இந்தக் குழியில் விழுந்தவர்கள் கையைத் தூக்குங்கள், நானும் தூக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நானே இறங்கிவந்து, வேலை முடிந்ததும் மெஷின் ஒரு பீப் அடிக்கிற மாதிரி கட்டளையோடு சேர்த்து அடிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். டெஸ்டில் மட்டும் இதை அடிக்காதீர்கள், சிரிப்பார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அந்த இரண்டு நாளை மறக்கவில்லை. சேகர் முன்னாலேயே என்னைக் கேட்டார்: "ஏம்பா, பேசாம இருந்தா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம்னா, உலகத்திலயே நல்ல எடம் சுடுகாடுதானா?"

டம்ப் மண்

டெஸ்டுக்கு மூன்று நாள். காற்றடிக்கிற மாசம். எங்கள் ஊரில் காற்றடித்தால் சயனைட் டம்ப்பிலிருந்து வெள்ளை மண் கிளம்பும். தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த பொடி மண் மலை அது. சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், மூடி வைத்த பெட்டிக்குள்ளும் இருக்கும். நாலாம் நம்பரின் ஃப்ளாப்பி டிரைவ் இந்த மண்ணைத் தின்றே முன்பே செத்துப்போனது. அன்றைக்கு எஸ்கேப் கீ போனது. விஐயில் எஸ்கேப் போனால் எல்லாம் போச்சு. எழுதுகிற நிலையிலிருந்து வெளியே வரவே அதுதான் கதவு. கீயைப் பிடுங்கினேன், பிரஷ் போட்டேன், சைக்கிள் பம்ப்பை வைத்து ஊதினேன். மண் பறந்து என் கண்ணுக்குள் போனதுதான் மிச்சம். மற்ற ஐந்து கீபோர்டில் ஒன்றைக் கேட்கலாம் என்றால், முரளி சார் கையை ஒடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

டாமினிக் அண்ணன் மூன்று மணிக்கு வந்து பார்த்துவிட்டுத் தளர்ந்து உட்கார்ந்தார். நான் விஐயின் ஹெல்ப்பை ஒற்றைக் கண்ணால் வரிவரியாகப் படித்தேன். அரை மணி நேரம். கன்ட்ரோலையும் சதுர அடைப்புக்குறியையும் சேர்த்து அமுக்கினால் அதுவும் எஸ்கேப்தான் என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது! அமுக்கினேன். வேலை செய்தது! "அண்ணா! அண்ணா!" என்று கத்திக்கொண்டு ஹாலை ரெண்டு சுற்று ஓடினேன். டைப்ரைட்டிங் பெண்கள் அப்போது ஸ்பீடு டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள், அது எனக்கு ஞாபகமில்லை. முரளி சார் ஸ்டாப் வாட்சை நிறுத்திவிட்டு என் காதைப் பிடித்தார். "ஒரு கீ போனா இன்னொரு கீ இருக்குதுன்னு இந்தக் குதி குதிக்கிற. இதே மாதிரி ஒருநாள் காலேஜ்ல குதிச்சிருந்தா, உன்ன வெச்சி நான் மாரடிக்க வேண்டியதில்ல."

லைட் எரியவில்லை

டெஸ்ட் அன்று சாயங்காலம் மாரிகுப்பம் ஸ்டேஷனில் போய் நின்றேன். பெங்களூரிலிருந்து வரும் ரயிலுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன். அவர் வீடும் அங்கேதான். வண்டி வந்ததும் ஒவ்வொரு பெட்டியாக ஓடினேன். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போட்டீங்களா? ஓடிச்சா? விஐ இருந்திச்சா?" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டேன். விஐ இருந்ததாம். ப்ரோக்ராம் ஓடியதாம், ஆனால் ஒரு கணக்கில் விடை தப்பாக வந்ததாம். அது ஏன் என்று அவருக்கு ரயிலில் வரும்போதுதான் புரிந்ததாம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். கடைசியில் எல்லாரும் தங்கள் ப்ரோக்ராமை ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் மெஷினில் ஃப்ளாப்பி டிரைவே செத்துக் கிடந்ததால் இதை நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எல்லாரும் cp அடித்தார்கள், பட்டனை அமுக்கி ஃப்ளாப்பியை எடுத்தார்கள், போய்விட்டார்கள். இவரும் அடித்தார். மெஷின் பேசவில்லை. பேசாவிட்டால் நல்லது என்று நான் சொன்னதை நினைத்துப் பார்த்தாராம். அப்புறம் அந்தச் சுடுகாட்டையும் நினைத்துப் பார்த்தாராம். டிரைவில் பச்சை லைட் எரியவே இல்லை. கர்ரென்ற சத்தமும் இல்லை. எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். டெஸ்ட் வைத்தவர் வந்து, "முடிஞ்சிதில்ல, கிளம்புங்க" என்றாராம். "பதில் வரல சார்" என்றாராம் இவர். கரண்ட் போகிற மாதிரி இருந்தால் அடியுங்கள் என்று sync என்ற ஒரு கட்டளையை நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நினைவில் இருப்பதையெல்லாம் இப்போதே டிஸ்க்கில் எழுது என்று மெஷினை விரட்டுகிற கட்டளை. வேறொன்றும் தோன்றாமல் அதை அடித்தாராம். லைட் பளிச்சென்று எரிந்து, டிரைவ் உறுமியதாம். லினக்ஸ் ஃப்ளாப்பியிலும் உடனே எழுதாமல் தள்ளிப்போடும் என்று எனக்கே அப்போதுதான் தெரியும்!

மேஜையில் இருந்த மற்ற ஃப்ளாப்பிகளை அந்த மனிதர் அங்கேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாராம். பாதிக்கு மேல் காலி. வெளியே போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி நகல் எடுக்கவைத்தார்கள். "அப்ப உங்க பேரு கேட்டாரா? என்ன சொன்னாரு?" என்று நான் பிளாட்ஃபாரத்திலேயே குதித்தேன். டாமினிக் அண்ணனுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. "திருப்பி மணி அடிச்சிட்டான் தம்பி. அப்புறந்தான் நான் எழுந்தேன்" என்றார்.

கேட்டில் கூட்டம்

பதினாறு நாள் கழித்து சென்டருக்கு ஃபோன் வந்தது. டாமினிக் அண்ணன் வீட்டில் ஃபோன் கிடையாது, எங்கள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். எடுத்தது நான். டாமினிக் அண்ணனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்! அடுத்த மாசம் முதல் தேதி வந்து சேர வேண்டுமாம். மணி பன்னிரண்டரை. அவர் ஷாஃப்டில் இருக்கிறார், இரண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட் முடியும். முரளி சார் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "டேய் பாபு, அவன் மூணு மணிக்கு இங்கதான வருவான், நானே சொல்றேன். அது அவன் சேதி, மொதல்ல அவன் காதுல விழணும். நீ ஃபோன் பக்கத்துல உக்காரு, வாயத் தொறக்காத" என்றார். சரி சார் என்றேன். அவர் சாப்பிட வீட்டுக்குப் போனார். நான் சைக்கிளை எடுத்தேன்.

அவர் அம்மா லூர்துமேரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காக்கள் ஓடி வந்தார்கள், அவர்களுக்கும் சொன்னேன். எதிர் வரிசைக்கும் சொன்னேன். மைன் கேட்டிலேயே போய்ச் சொல்லலாம், ஆள் வெளியே வந்ததும் தூக்கிக்கொண்டு வரலாம் என்று கிளப்பிவிட்டது நான்தான், வேறு யாரும் இல்லை. பதினைந்து பொம்பளைகள், குழந்தை குட்டி, முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான். அம்மா வழி நெடுக அழுதுகொண்டே வந்தார். சந்தோஷத்தில்தான்.

மைன் கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த முதல் நாலு பேர் அப்படியே நின்றார்கள். ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் பொம்பளைகள் கூட்டமாக அழுதுகொண்டு மைன் கேட்டுக்கு வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். டாமினிக் அண்ணனின் அப்பா செத்த அன்றைக்கும் இதே அம்மா இதே கேட்டில்தான் நின்றிருக்கிறார். டாமினிக் அண்ணன் ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "யாரு? எந்த லெவல்?" என்று கத்தினார். அம்மாவுக்கு அழுகையில் வாயே திறக்கவில்லை. "வேலை கெடச்சிடிச்சிண்ணா! பெங்களூர்ல! எடுத்துக்கினாங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

டாமினிக் அண்ணன் எட்டி வந்தார். பிறகு என் பின்மண்டையில் ஒரு அறை விழுந்தது, பொறி பறந்தது. அடுத்த விநாடி அவரே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வாட்ச்மேன் சிரிக்க ஆரம்பித்தார், தொப்பியைக் கழற்றியவர் மறுபடி போட்டுக்கொண்டு விசிலடித்தார், அதற்குள் அம்மா ஈரத்துணியாலேயே மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாமினிக் அண்ணன் என் காதருகே சொன்னார்: "நல்ல சேதின்னா ஒரு ஆளு வந்தாப் போதும்டா. நீ ஊரையே கூட்டிக்கினு வந்தா, நான் கீழ யார் யார விட்டுட்டு வந்தேன்னு எண்ண ஆரம்பிச்சிட்டேன்."

எத்தனையோ மெஷினை நான் சொன்னபடி கேட்கவைத்திருக்கிறேன். ஃபோன் பக்கத்தில் உட்கார், வாயைத் திறக்காதே என்று முரளி சார் எனக்குச் சொன்ன இரண்டே கட்டளையில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.